கொக்கின் காலில் தூண்டில் நரம்பு

ஃபேக்டரியில் இரவு ஷிஃப்ட் முடிந்ததும் மோட்டார் சைக்கிளை நேராகக் கடலோரச் சேற்றுப் பக்கம் விடுவேன். கண் எரியும். எங்கள் கேமரா கிளப் போட்டியில் ஒரு சட்டம் உண்டு. படத்தில் மனிதன் சம்பந்தப்பட்டது எதுவும் தெரியக் கூடாது. எங்கள் ஊர் பாயான் லெப்பாஸில் எந்தப் பக்கம் திரும்பினாலும் பாலம், படகு, இல்லாவிட்டால் பிளாஸ்டிக் பை. பல மாதமாக ஒரு படமும் தேறவில்லை.

அன்று தண்ணீர் வற்றியிருந்தது. வெறும் சேறு, ஒரு வெள்ளைக் கொக்கு. எடுத்துவிட்டேன். போட்டிக்குப் படம் கிடைத்துவிட்டது என்று வீட்டுக்குப் போய்த் தூங்கினேன்.

சாயங்காலம் கிளப்பில் ஒரு கூட்டாளி படத்தைப் பெரிதாக்கினார். கொக்கின் காலில் நைலான் தூண்டில் நரம்பு சுற்றியிருந்தது.

"கம்ப்யூட்டர்ல அழிச்சிடலாம்லா அண்ணே. யாருக்குத் தெரியப் போகுது?"

"படத்துல அழிச்சிடலாம் தம்பி. கால்ல இருக்கிறத என்ன செய்றது?"

"நீங்க என்ன, கொக்குக்கு டாக்டரா?" என்று சிரித்தார்.

படத்தை அனுப்பவில்லை. மறுநாளும் வேலை முடிந்து அங்கேதான் போனேன், பையில் சின்னக் கத்தரிக்கோலோடு. கொக்கு அதே இடத்தில் நின்றது. நான் சேற்றில் இறங்கியதும் பறந்துவிட்டது. நரம்பு காலிலிருந்து தொங்கிக்கொண்டே போனது. காலைக் கழுவிக்கொண்டு மோட்டாரை எடுத்தேன்.