ஆறாவது செவ்வந்தி

என் மகளுக்கு எல்லோரையும் எங்காவது அனுப்பிவைக்க வேண்டும். அன்றைக்கு லித்துவேனியாவைப் பற்றிக் கைபேசியைப் பார்த்து வாசித்துக்கொண்டே போனாள். வசந்தத்தில் பேர்ச் மரத்தைத் துளைத்துச் சாறு எடுத்துக் குடிப்பார்களாம். கோடையில் நெருப்பு மூட்டித் தாண்டிப் பாய்வார்களாம். இலை உதிரும் காலத்தில் ஊரே கூடையோடு காளான் பொறுக்கப் போகுமாம். நவம்பர் தொடக்கத்தில் சேமக்காலை முழுக்க, கல்லறைக்குக் கல்லறை மெழுகுதிரி எரியுமாம்.

"அம்மம்மாவையும் கூட்டிக்கொண்டு போங்கோம்மா. ஒரு வார இறுதி காணும். வெள்ளி போய் ஞாயிறு வந்திடலாம்."

காளான் என்றால் எனக்கு ஓரளவு சம்மதம். அம்மா மெழுகுதிரிக்குத்தான் போகவேண்டும் என்றார். ஒஸ்லோவின் வெஸ்ட்லியில் வீடு, கடை, ஞாயிற்றுக்கிழமை கோயில் என்று அதற்கு மேல் அசையாத மனுஷி. ஏன் என்று நான் கேட்கவில்லை. சில வருடங்களாகவே நான் எதையும் ஏன் என்று கேட்பதில்லை.

கத்தோலிக்கர்களான எங்களுக்கு இறந்தோர் நாள் புதிதல்ல. ஒஸ்லோவிலும் தமிழ்ப் பூசையில் செத்தவர்களின் பெயர்களை வாசிப்பார்கள். அப்பாவின் பெயரை அம்மா கொடுப்பார். அண்ணாவின் பெயரைக் கொடுக்கமாட்டார். அண்ணா ஊரில் நடந்த கடைசிச் சண்டையில் காணாமல் போனவர். அவருடைய பிறந்தநாளுக்கு அம்மா சுகத்துக்காகப் பூசை ஒப்புக்கொடுப்பார், உயிரோடு இருப்பவர்களுக்குக் கொடுப்பதுபோல. பூசை முடிய எல்லோருக்கும் கேக். நான் இருக்கும் ஹவுகெட்டோவிலிருந்து அதை வாங்கி ரயிலில் சுமந்துகொண்டு போவேன். ஆரம்பத்தில் அந்தக் கேக் தொண்டைக்குள் இறங்காது. பிறகு இறங்கியது. ஒரு வருடம் இரண்டாவது துண்டும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன். அதற்காக என்மேல் எனக்குக் கோபம்கூட வரவில்லை.

லித்துவேனியத் தலைநகர் வில்னியஸில் சேமக்காலை வாசல் சந்தை மாதிரி இருந்தது. குடும்பம் குடும்பமாக வந்து சருகு கூட்டினார்கள், கல்லறைகளைத் துடைத்தார்கள், கண்ணாடிக் கூட்டுக்குள் திரி ஏற்றினார்கள். ஒருவரும் அழவில்லை. அது எனக்குப் பிடித்திருந்தது.

அம்மா பூ வேண்டும் என்றார். வெள்ளைச் செவ்வந்தியில் ஐந்தை எடுத்து நீட்டினேன். விற்ற பெண் எண்ணிப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினாள். அவளுடைய அரைகுறை ஆங்கிலத்தில் விளங்கியது இதுதான்: உயிரோடு இருப்பவர்களுக்கு ஒற்றை எண்ணில் பூ கொடுப்பார்கள், கல்லறைக்கு இரட்டை எண்ணில். மாறிப்போனால் பெரிய பிழை. இது யாருக்கு?

"என்னவாம்?" என்று கேட்டார் அம்மா.

சொன்னேன். சொல்லிவிட்டு, "அப்பாவுக்கெண்டு சொல்லுறன், ஆறு வாங்குவம்" என்றேன்.

"அப்பாவுக்கு அங்கை கல்லறை இருக்குத்தானே. இஞ்சை என்னத்துக்கு?"

அப்போதுதான் எனக்கு விளங்கியது, அம்மா ஏன் வந்தார் என்று. பின்னால் ஆட்கள் சேர்ந்துவிட்டார்கள். பூக்காரி ஐந்தையும் பிடித்துக்கொண்டு எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். அம்மா கையுறையைக் கழற்றினார். வாளிக்குள்ளிருந்து ஒரு பூவைத் தானே உருவி, அவள் கையிலிருந்த ஐந்தோடு சேர்த்தார்.

உள்ளே பெரிய சிலுவை ஒன்று இருந்தது. தூரத்தில் புதைக்கப்பட்டவர்களுக்கும், எங்கே என்று தெரியாதவர்களுக்கும் அதன் அடியில்தான் திரி கொளுத்துவார்கள். அம்மாவுக்குக் குனிய ஏலாது. பூவை என்னிடம் தந்தார். முழந்தாளிட்டு வைத்தேன். அண்ணாவை நானே என் கையால் கொன்றதுபோல இருந்தது. முழங்கால் ஈரச் சருகில் ஊறிக்கொண்டிருந்தது.

அம்மா என் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றார். "பிள்ளை, இனிக் கேக் வாங்காதை" என்றார்.