மேற்குப் பக்கத்து அறை

அறைக் கதவின் இடுக்கில் வைத்து இழுத்த காகிதம் எளிதாக உருவிக்கொண்டு வந்துவிட்டது. அவர் கதவைத் திறந்து, அதே துண்டை ஒரு சாண் கீழே வைத்து மூடி, மறுபடி இழுத்தார். இந்த முறை வரவில்லை. இன்னும் அழுத்தி இழுத்ததும் கிழிந்தது. அவர் முகம் மலர்ந்தது. முதலில் உருவிய இடத்தில் சாக்கட்டியால் ஒரு கோடு போட்டார். அங்கே கதவு விளிம்பில் ஒட்டிய ரப்பர் இன்னும் கொஞ்சம் தடிமனாக வேண்டும்.

ஃப்ரிட்ஜ் கதவு சரியாக ஒட்டுகிறதா என்று இப்படித்தான் பார்ப்பார்கள். முப்பது வருடமாக அடுத்தவர் வீடுகளில் செய்த வேலையை இப்போது தன் வீட்டு மேற்கு அறையில் செய்துகொண்டிருந்தார். தெருவில் அவருக்குக் குளிர்க்காரர் என்று பேர். தெருவிலேயே அதிகம் கொதிக்கிற வீடும் குளிர்க்காரர் வீடுதான். பகலெல்லாம் மொட்டை மாடி குடித்த வெயிலைக் கூரை அப்படியே தலைமேல் இறக்கும்.

மகள் ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்க்கிறாள். கைக்குழந்தைக்கு ஏழு மாதம். வருகிற திங்களன்று அவள் வேலைக்குத் திரும்ப வேண்டும். பேத்தி பகலில் தங்களோடுதான் இருக்கப்போகிறாள் என்று அவர் ரிப்பேருக்குப் போன வீடுகளில் எல்லாம் சொல்லிவைத்திருந்தார். போன செவ்வாய்க்கிழமை மதியம் குழந்தை இங்கே இரண்டு மணி நேரம் தூங்கி எழுந்தபோது கழுத்தைச் சுற்றி வேர்க்குரு. மகள் வெப்பமானியைக் கொண்டுவந்து சுவரில் மாட்டினாள். முப்பத்தாறு காட்டியது.

"ஞாயித்துக்கிழமை மூணு மணிக்கு வந்து பாக்கறேன்ப்பா. இருபத்தெட்டுக்கு மேல இருந்தா இவளைக் காப்பகத்துலதான் விடுவேன்."

அந்த அறையில் ஏசி இல்லாமல் இல்லை. யாரோ வேண்டாமென்று கழற்றிய பழையது ஒன்றை மாட்டியிருந்தார். பத்து மணிக்கு ஓட ஆரம்பித்தால் சாயங்காலம்வரை மூச்சுவிடாமல் ஓடும், வெயில் குறைந்த நாளில்கூட முப்பத்திரண்டுக்குக் கீழே இறக்காது. ஊருக்கெல்லாம் குளிர் கொடுக்கிற மனுஷன் சொந்த வீட்டுக்குப் பெரியதாக ஒன்று வாங்கக் கூடாதா என்றாள் மனைவி. அவர் மறுத்துத் தலையாட்டினார். மெஷின் மேல் குற்றமில்லை என்றார். சமையலறை ஃப்ரிட்ஜின் பின்னால் இருப்பது ஒரு சின்னச் சொம்பு அளவு மெஷின். அது கொஞ்ச நேரம் ஓடி, பிறகு சும்மா இருக்கிறது. காரணம் மெஷின் அல்ல, சூட்டை உள்ளே விடாத சுவர். கதவைத் திறந்துபோட்ட ஃப்ரிட்ஜுக்கு எவ்வளவு பெரிய மெஷின் வைத்தாலும் கரண்டைத் தின்றுகொண்டுதான் இருக்கும்.

ஐந்து நாள் வேறு வேலைக்குப் போகவில்லை. குளிர்பதனக் கிடங்கு ஒன்றில் மீந்துபோன, தெர்மாகோல் போன்ற நுரைப்பலகைகளைக் கேட்டு வாங்கிவந்தார். இரண்டு பக்கமும் வெள்ளித்தாள் ஒட்டியவை. கூரைக்கு அடியில் சட்டம் அடித்து அவற்றைப் பதித்தார், மேற்குச் சுவருக்கும் அப்படியே. மாடித்தளத்தில் வெள்ளை பூசினார். ஜன்னலுக்குத் தட்டியை வெளிப்பக்கம் கட்டினார். வெயில் கண்ணாடியைத் தாண்டிவிட்டால் அதற்கப்புறம் உள்ளே திரை போட்டு என்ன பயன்? எதிர்க் கடைத் தையல்காரர் பலகையின் மறுமுனையைப் பிடித்துக்கொள்ள வந்தார்.

"என்னண்ணே, உள்ளே மீன் வச்சு விக்கப் போறீங்களா?" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை ஒரு மணிக்கு ஏசியைப் போட்டார்கள். இருபத்தைந்து நிமிடத்தில் அது தானாகவே அடங்கியது. அறையில் அப்படியொரு அமைதியை அந்த வீடு கேட்டதில்லை.

"ஏங்க, கெட்டுப்போச்சா?" என்றாள் மனைவி.

"இல்ல. வேலை முடிஞ்சுடுச்சு."

மூன்று மணிக்கு மகள் வந்தாள். வெப்பமானி இருபத்தாறில் நின்றது. விரலால் தட்டிப் பார்த்தாள். அப்போதும் இருபத்தாறுதான். குழந்தையோடு உள்ளே உட்கார்ந்து பார்க்கிறேன் என்று கதவைச் சாத்திக்கொண்டாள். வெளியே அவர் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்தார். மனைவி அவரைப் பார்த்து, கல்யாணத்தன்றுகூட இவ்வளவு பல் தெரியவில்லை என்றாள்.

இருபது நிமிடம் கழித்துக் கதவு குலுங்கியது. இருவருமாக வெளியிலிருந்து தள்ளியபோதுதான் ரப்பர் விட்டுக்கொடுத்தது. உள்ளே குழந்தை முகம் சிவக்க வீறிட்டுக்கொண்டிருந்தாள்.

"அஞ்சு நிமிஷமா அழறா. நான் வேற கத்தறேன். உங்க ரெண்டு பேருக்கும் கேக்கவே இல்லையா?"

கேட்கவில்லை.

"அப்பா, ஃப்ரிட்ஜுக்குள்ள கத்திரிக்காய் அழாது. இவ அழுவா. மூச்சும் விடுவா. காத்து எங்க வழியா வரும்?"

மகள் பையைத் தோளில் மாட்டினாள். ஒரு மணி நேரம் கொடு என்றார் அவர்.

அவள் பையை இறக்காமலே நாற்காலியில் உட்கார்ந்தாள். அவர் கதவின் அடிப்பக்க ரப்பரை முழுவதுமாக அறுத்தெடுத்தார். மேலே, பலகை வைத்து அடைத்திருந்த காற்றுத் துவாரத்தில் உள்ளங்கை அகலத்துக்கு வெட்டி, வலையும் மூடியும் பொருத்தினார். சத்தம் கேட்கிறதா என்று பார்க்க வேண்டுமே. குழந்தையோ அம்மா தோளில் தூங்கிவிட்டாள். மனைவி உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். பிறகு வாய்விட்டு அழுதாள். ஏழு மாதக் குழந்தையைப் போலத்தான் ஆரம்பித்தாள். போகப்போக எழவு வீடு போல ஆனது.

தையல்காரர் கத்தரிக்கோலும் கையுமாகத் தெருவைக் கடந்து ஓடிவந்தார். "யாருக்கு என்ன ஆச்சு?"

மகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அப்புறம் பொத்தவும் முடியவில்லை.

நாலரை மணிக்கு வெப்பமானி இருபத்தேழரை காட்டியது. நடுவில் ஏசி பத்து நிமிடம் ஓடி நின்றிருந்தது. மகள் பையைத் திறந்து இரண்டு பால் புட்டிகளை வெளியே எடுத்தாள்.

"இது ரெண்டும் இங்கயே இருக்கட்டும்மா," என்றாள், அப்பாவைப் பார்க்காமல்.

மறுநாள் எட்டேகால் மணிக்குக் குழந்தையை விட்டுவிட்டு மகள் வேலைக்குப் போனாள். ஏசி காலையில் இருபது நிமிடமும், மதியம் இரண்டு முறையும் ஓடியது. குழந்தை பதினொன்றிலிருந்து ஒன்றுவரை தூங்கினாள். அவர் இரண்டு வீடுகளுக்கு ரிப்பேருக்குப் போய்விட்டு மூன்று மணிக்குத் திரும்பினார். ஆறு மணிக்கு மகள் வந்து குழந்தையைக் கூட்டிக்கொண்டு போனாள்.