நோவாகாவின் மரியாதை

மேற்கு ஆப்பிரிக்காவின் வாகடூகு நகரில் சோளக் கள் விற்ற ஃபிலோமென் சாமோ இனத்தவள். அவளிடம் தினமும் குடிக்க வரும் நோவாகா மோசி இனத்தவன். அந்த இரண்டு இனத்தாருக்கும் சொந்தக்காரர்கள்போல ஒருவரையொருவர் ஏசிக்கொள்ளும் கேலிமுறை உண்டு. எவ்வளவு ஏசினாலும் கோபிக்கக் கூடாது.

அவள் கணவன் லாசினா ஒரு மந்திரியின் காரோட்டி. மந்திரியைச் சுட்டுக் கொன்றபோது அவனும் செத்தான். பிணம் வந்த அன்றுகூட நோவாகா வாசலை மறித்துப் படுத்துக்கொண்டு, "ஏய் நாய்தின்னி, இந்தச் சோம்பேறியத் தூக்கணும்னா முதல்ல எனக்கு ஊத்து" என்றான். அழுதுகொண்டிருந்தவள் சிரித்துவிட்டாள்.

பல வருஷம் கழித்து அந்தக் கொலையைத் தொலைக்காட்சியில் நாடகமாகக் காட்டினார்கள். கள்ளுக்கடையில் கூட்டமாக உட்கார்ந்து பார்த்தார்கள். அதில் காரோட்டி கைக்கூலி வாங்கிக்கொண்டு, கொலைகாரர்கள் நின்ற தெருவுக்குள் வண்டியைத் திருப்பினான்.

"பொய். கதைக்காக எவனோ எழுதினது" என்றாள் ஃபிலோமென். குடித்துக்கொண்டிருந்தவர்கள் ஒவ்வொருவராகக் காசை வைத்துவிட்டு எழுந்து போனார்கள்.

மறுநாள் நோவாகா வந்ததும் அவளே ஆரம்பித்தாள். "வாடா அடிமை. குளிச்சியா, இல்ல கழுதையோட படுத்து எழுந்து வர்றியா?"

"வணக்கம்மா. கொஞ்சம் ஊத்துங்க."

"என்னடா அம்மா? திட்டுடா என்னை."

"அதெல்லாம் சொந்தக்காரங்ககிட்டத்தாங்க" என்றான் நோவாகா.

அதன்பிறகு அவள் சாகும்வரை அந்தத் தெருவில் எல்லோரும் அவளிடம் மரியாதையாகவே பேசினார்கள்.