நடுங்கும் கைக்கு ஒரு ஃபைல் மேனேஜர்

டிராக்டர், களையெடுக்கும் கருவி, மருந்தடிக்கும் இயந்திரம், இவற்றோடு வரும் கையேடுகளை மராத்தியிலிருந்து தமிழாக்குவது என் பிழைப்பு. புனேயில் இதற்கு ஆள் கிடைப்பது அரிது என்பதால் எனக்குக் கொஞ்சம் மண்டைக்கனமும் உண்டு. வலது கை நடுங்க ஆரம்பித்ததும் அந்தக் கனம் மளமளவென்று இறங்கிவிட்டது.

தட்டச்சில் பெரிய சிக்கல் இல்லை, மெதுவாகத் தட்டினால் போதும். மௌஸ்தான் உயிரை வாங்கியது. எங்கள் லேப்டாப்பில் இருப்பது விண்டோஸ் அல்ல, லினக்ஸ். ஒரு ஃபோல்டரைத் திறக்க இரண்டு முறை சொடுக்கப் போனால், நடுக்கத்தில் அது இழுபட்டுப் பக்கத்து ஃபோல்டருக்குள் போய் விழுந்துவிடும். விழுந்ததே எனக்குத் தெரியாது. அப்படித்தான் மருந்தடிக்கும் இயந்திரத்தின் கையேடு மொத்தமும் காணாமல் போய், கெடு தாண்டிய பிறகு மின்கட்டண ரசீதுகளுக்கு நடுவே அகப்பட்டது. வேலை தருகிறவர்கள் மரியாதையாகவே சொன்னார்கள்: இன்னொரு முறை இப்படி ஆனால் வேறு ஆளைப் பார்க்க வேண்டியிருக்கும். அவர்கள் சொல்லும்வரை காத்திருக்காமல் நானே விலகிக்கொள்கிறேன் என்று மனைவியிடம் சொன்னேன்.

அவள் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். புனேயின் வானவடிப் பகுதியில் நாங்கள் இருக்கும் குடியிருப்பு சொசைட்டிக்குச் செயலாளர். அதே லேப்டாப்பில் அவளுக்குத் தனி லாகின் உண்டு.

"அவசரப்படாதீங்க. அந்த ஃபைல் மேனேஜரை மாத்திப் பாப்போம். மௌஸே இல்லாம கீபோர்டுலயே எல்லாம் செய்யுத மாதிரி ஒண்ணு இருக்காம்" என்றாள். ஃபோல்டர்களைத் திறந்து காட்டும் மென்பொருளுக்குத்தான் ஃபைல் மேனேஜர் என்று பெயர்.

சில நாள் கழித்து "மாத்தியாச்சு" என்று அவள் சொன்னது காதில் விழுந்தது. அதற்குள் ஒரு டிராக்டர் கையேடு மின்னஞ்சலில் வந்திருந்தது. இறக்கிவிட்டு ஃபோல்டரைத் திறந்தேன். பழைய சனியனே வந்து நின்றது. எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"மாத்தியாச்சுன்ன! எங்க மாறியிருக்கு?"

சமையலறையிலிருந்து குக்கரைவிடச் சத்தமாகப் பதில் வந்தது. "என் லாகின்ல மாத்தியிருக்கேன். அது அவங்கவங்களுக்குத் தனித்தனி. உங்களுதுல இன்னும் கை வைக்கலை."

"கை நடுங்குதது உனக்கா, எனக்கா?"

கையைத் துடைத்துக்கொண்டே வெளியே வந்தாள். "ஒரு வாரமா மௌஸைத் தொடாம சொசைட்டி வேலை முழுக்க அதுலதான் பாக்கேன். எங்க எங்க சிக்குதுன்னு தெரியணும்லா? உங்க வேலையில வச்சா சோதிச்சுப் பாக்க முடியும்? இன்னொரு ஃபைல் போச்சுன்னா யாரு பதில் சொல்ல?"

அவள் உட்காரும்போதெல்லாம் மௌஸ் ஃபிரிட்ஜ் மேல் கிடந்ததை நானும் பார்த்திருந்தேன். வைத்தது வைத்த இடத்தில் இருப்பதில்லை என்று முணுமுணுக்கவும் செய்திருந்தேன்.

அவள் என் லாகினில் உட்கார்ந்தாள். எங்கிருந்து ஃபோல்டரைத் திறந்தாலும் இனி புதியதுதான் திறக்க வேண்டும் என்று கணினிக்குச் சொல்ல ஒரே ஒரு வரிக் கட்டளைதான். அடித்துவிட்டு எழுந்துகொண்டாள். நான் திறந்தேன். திரை இரண்டு பத்தியாக விரிந்தது. இடப்பக்கம் மராத்தி ஃபைல்கள், வலப்பக்கம் தமிழ் ஃபைல்கள். ஒரு விசையைத் தட்டினால் ஃபைல் இங்கிருந்து அங்கே போகும். போவதற்கு முன் "நகர்த்தவா?" என்று கேட்கும். அந்த ஒரு கேள்விக்காகவே அதைக் கும்பிடலாம்.

டிராக்டர் சொன்ன நாளில் போய்ச் சேர்ந்தது. அதற்கடுத்த வேலையும் வந்தது. காசு வாங்காமல் இப்படியொரு மென்பொருளை எழுதிப் பொதுவில் வைத்த முகம் தெரியாத மனிதர்களுக்கு மனதார நன்றி சொல்லிக்கொள்கிறேன்.

மாதங்கள் கடந்தும் மனைவி மட்டும் மௌஸ் பக்கம் திரும்பவில்லை. பெரிய அட்டவணை ஒன்றில் அம்புக்குறியை அமுக்கி அமுக்கி நகர்ந்துகொண்டிருந்தவளைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

"என் வேலைதான் ஒழுங்காப் போகுதே. உன் கைக்கு என்ன கேடு? மௌஸை எடுத்துக்கோயேன்" என்றேன்.

திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள்: "நீங்க எங்கயாவது சிக்கிக்கிட்டா எந்த விசைன்னு நான்தான சொல்லணும். மௌஸ்ல கை வச்சா எனக்கு விசையெல்லாம் மறந்துரும்."

அன்று முழுக்க என்னால் ஒரு வரிகூட மொழிபெயர்க்க முடியவில்லை.