பார்லித் தண்ணீர்

கல்யாணமான இரண்டாம் வருடம், கிள்ளான் துறைமுகத்தில் குமாஸ்தாவாக இருந்தபோது, வெளியே ஒரு பெண்ணிடம் போய் ஒரு நோயை வாங்கி வந்தேன். டாக்டர் மாத்திரை கொடுத்து, "மனைவியையும் கூட்டிட்டு வாங்க, அவங்களும் சாப்பிடணும்" என்றார். தலையாட்டினேன். நான் மட்டும் சாப்பிட்டுக் குணமானேன்.

சில வாரங்களில் அவளுக்கு அடிவயிற்று வலி, காய்ச்சல், வெள்ளைப்படுதல். எங்கள் வீடுகளில் பெண்ணுக்கு இடுப்புக்குக் கீழே எது வந்தாலும் 'சூடு'தான். அம்மா பார்லித் தண்ணீர் காய்ச்சினார். காரணம் தெரிந்த நானே அந்த டம்ளரைக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

வலி அடங்கியது, குழந்தை வரவில்லை. ஐந்து வருடம் கழித்து ஸ்பெஷலிஸ்ட் எக்ஸ்ரே படத்தைக் காட்டி, பழைய கிருமித்தொற்றில் கருக்குழாய்கள் இரண்டும் தழும்பேறி அடைத்துவிட்டன என்றார்.

"அப்பவே மருந்து சாப்பிட்டிருந்தா?" என்று அவள் கேட்டாள்.

"தப்பிச்சிருக்கலாம்" என்றார் அவர்.

நான் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வளைகாப்பு வீடுகளில் வளையல் போட அவளை யாரும் அழைப்பதில்லை. அவளாகவே அடுக்களைக்குப் போய்ப் புளிசாதம் கிளறுவாள். ஆனால் முடங்கிப்போகவில்லை. பிரிக்பீல்ட்ஸில் தையற்கடை வைத்தாள். அளவு கொடுக்க வரும் பெண் 'சூடு' என்று வயிற்றைப் பிடித்தால் விடமாட்டாள். "பார்லி வெயில் சூட்டுக்குடி, இதுக்கில்ல. வெக்கப்படுறதுன்னா எங்கிட்ட படு, டாக்டர்ட்ட படாத" என்று கடையைச் சாத்திவிட்டுக் கையோடு கூட்டிப்போவாள். தனக்குக் கிடைக்காததை மற்றவர்களுக்குக் காத்துக் கொடுத்த அந்த மனசு எனக்கு எட்டாத உயரம்.

போன மாதம் அவள் கடையில் தைக்கும் புதுப்பெண்ணுக்கு அதே வலி. புருஷனுக்கும் மருந்து வேண்டும் என்றார் டாக்டர். லோரி ஓட்டும் அவன், "எனக்கு ஒண்ணும் இல்லலா, ஆன்டி" என்று மறுத்துவிட்டான்.

"இவளுக்குச் சரியானாலும் அவன் திரும்பக் கொடுத்துருவான். ஆம்பள சொன்னா கேப்பான், நீங்க பேசுங்க" என்றாள் மனைவி.

அப்போதுதான் சொன்னேன், எல்லாவற்றையும். நாற்பது வருடம் வராத வார்த்தைகள்.

அவள் மடியிலிருந்த துணியை மெதுவாக மடித்தாள். பிறகு, "எனக்கு முடிஞ்சுபோச்சு. அந்தப் பொண்ணுக்கு இன்னும் நேரம் இருக்கு. இதை அப்படியே அவன்ட்ட சொல்லுங்க. காரை எடுங்க" என்றாள்.

அவன் வீடு இருக்கும் சாலாக் செலாத்தான் போகும்வரை அவள் என் பக்கம் திரும்பவில்லை. வாசலில் நின்று அவனிடம் சொன்னேன். அவன் வீட்டுக்குள் திரும்பிப் பார்த்தான்.

"நாளைக்குப் போறேன், அங்கிள்."

"நாளைக்கு இல்ல, இப்ப. கிளினிக் திறந்துதான் இருக்கு" என்று என் மனைவி காரின் பின்கதவைத் திறந்துவிட்டாள்.