மெயினை இறக்கிவிட்டுப் போனவள்

சமையலறைக் குழாயின் வாயில் விரல் நீளத்துக்குப் பனிக்கட்டி தொங்கிக்கொண்டிருந்தது. அதை நகத்தால் டொக் டொக்கென்று தட்டிக் காட்டிச் சிரித்தாள் என் நாத்தனார். அவள் இருந்தது ஜப்பானின் வடக்குக் கோடியில், ஒரு முதியோர் இல்லத்து வேலையில். நாங்கள் பார்த்துக்கொண்டிருந்தது யாங்கூனில், போட்டாதாங் படகுத்துறைக்குப் பின்னால் இருக்கும் எங்கள் ஐந்தாம் மாடி வீட்டில், நடுப்பகல் புழுக்கத்தில். "அம்மா, பாருங்க, ஐஸ் கடை போட்டிருக்கேன்!" என்றாள். "அடிப்பாவி, வீட்டுக்குள்ளேயேவா?" என்று என் அத்தை, அதாவது அவளைப் பெற்றவள், கன்னத்தில் கை வைத்துக்கொண்டு சிரித்தார். நானும் சிரித்தேன். அந்த நேரத்தில் அவள் வீட்டுச் சுவருக்குள் என்ன நடந்துகொண்டிருந்தது என்று தெரிந்திருந்தால் எங்கே சிரித்திருக்கப் போகிறோம்!

அது எப்படி நடந்தது என்று சொல்ல வேண்டுமானால் முதலில் எங்கள் வீட்டு மெயின் சுவிட்சைப் பற்றிச் சொல்ல வேண்டும். மாமனார் உயிரோடிருந்தபோது தெருமுனையில் குளிர்பானக் கடை வைத்திருந்தார். ஒருநாள் போன கரண்ட் திரும்பி வந்த வேகத்தில் அவருடைய பெரிய ஐஸ் பெட்டி புகைந்து போயிற்று; கடையும் அதோடு சரி. யாங்கூனில் கரண்ட் போவதற்கு யாரும் பயப்படுவதில்லை, அது தினமும் போகிறது. பயமெல்லாம் திரும்பி வரும்போதுதான். சில நாள் பல்பு கம்பி மட்டும் சிவக்கிற அளவுக்கு வரும், சில நாள் அடித்துக்கொண்டு வரும். அதனால் கரண்ட் போன மறுநொடி மெயினை இறக்கிவிடுவது எங்கள் வீட்டுச் சட்டம். அதற்குப் பொறுப்பு என் நாத்தனார். சோற்றில் கை வைத்திருந்தாலும் எழுந்து ஓடுவாள். பிறகு தெருவே "மீ லா பீ!" என்று கத்தும். கரண்ட் வந்துவிட்டது என்று பர்மியத்தில் பிள்ளைகளும் வெற்றிலைக் கடைக்காரரும் ஒரே குரலில் போடும் கூச்சல் அது. அதைக் கேட்டதும் கொஞ்சம் பொறுத்துப் பார்த்து அவள் மெயினை ஏற்றுவாள். நான் தண்ணீர் மோட்டாரைப் போட ஓடுவேன். கீழ்த் தொட்டியிலிருந்து ஐந்தாம் மாடிக்குத் தண்ணீர் ஏறுவதற்குள் மறுபடி போய்விட்டால் அன்றைக்கு வாளியும் படிக்கட்டும்தான் கதி.

பிடிவாதக்காரி. கரண்ட் இல்லாத பொழுதெல்லாம் வெளிச்சம் விழும் மாடிப்படியில் உட்கார்ந்து சத்தம் போட்டு ஜப்பானிய மொழி படித்தாள். கட்டடமே அதைக் கேட்டுக் கேட்டு, எனக்கே ஜப்பான்காரனுக்கு வணக்கம் சொல்ல வந்துவிட்டது. போனாள், வேலை கிடைத்தது, பணம் அனுப்பினாள். அத்தையின் இதய மருந்து அந்தப் பணத்தில்தான் வந்தது. என் வீட்டுக்காரருக்குத் துறைமுகக் கிடங்கில் வேலை. அவர் சம்பளம் அரிசிக்கும் வாடகைக்கும் சரியாகப் போய்விடும். அந்தக் குளிர்காலத்தில் அவள் இருந்த ஊரில் வழக்கத்தைவிடக் கடும் உறைபனி. ஊரே ஹீட்டரைப் போட்டதில் மின்சாரம் போதாமல், பார்த்துச் செலவழியுங்கள் என்று அறிவிப்பு மேல் அறிவிப்பு. "பில்லைப் பார்த்தா நெஞ்சு அடைக்குது அண்ணி" என்பாள். "உனக்காவது கரண்ட் வந்து பில் வருது. எங்களுக்குப் பாதி நாள் கரண்ட்டே இல்ல, பில் மட்டும் தவறாம படியேறி வருதுடி" என்பேன்.

ஒருநாள் காலை, பனி பாரம் தாங்காமல் கம்பிகள் அறுந்து அங்கேயும் கரண்ட் போயிற்று. வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தவள் என்ன செய்திருப்பாள்? கை தானாகப் போய் மெயினை இறக்கிவிட்டது. இறக்கிவிட்டு நிம்மதியாகக் கதவைப் பூட்டிக்கொண்டு போனாள். அந்த ஊர் வீடுகளில் தண்ணீர்க் குழாயைச் சுற்றி ஒரு சூட்டுக் கம்பி ஓடுகிறது, அது கரண்ட்டில்தான் வேலை செய்கிறது, அது நின்றால் குழாய் உறைந்துவிடும் என்பதெல்லாம் போட்டாதாங்கில் பிறந்தவளுக்கு எப்படித் தெரியும்? சிறிது நேரத்தில் ஊருக்கெல்லாம் கரண்ட் வந்துவிட்டது, அவள் வீட்டைத் தவிர. பேருந்து நின்றுபோனதால் அவள் அன்றிரவு முதியோர் இல்லத்திலேயே தங்கிவிட்டாள். மறுநாள் வந்து, உறைந்த குழாயை எங்களுக்குக் காட்டிச் சிரித்து, போனை வைத்துவிட்டு மெயினை ஏற்றினாள். வீடு சூடாயிற்று, ஐஸ் உருகிற்று. சுவருக்குள் வெடித்துக் கிடந்த குழாய் அப்போதுதான் பீறிட்டது. அவள் வீடு முழுக்கத் தண்ணீர், கீழ் வீட்டுக் கூரையெல்லாம் தண்ணீர்.

வீட்டுச் சொந்தக்காரர் வந்து பார்த்தார். பக்கத்து வீடுகளில் ஒன்றும் ஆகவில்லை, இங்கே மட்டும் ஏன் என்று அவருக்குப் புரியவில்லை. அந்தச் சூட்டுக் கம்பியை மழைக்காலத்தில் மாற்றிப் போட்ட எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டார். வயதான மனிதர். நீ ஒழுங்காகப் போடவில்லை, செலவை நீதான் ஏற்க வேண்டும் என்று இவள் முன்னாலேயே அவரை நிற்க வைத்துக் கேட்டாராம். அவர் குனிந்த தலை நிமிரவில்லையாம். கம்பி நின்றதால்தான் குழாய் உறைந்தது என்று அவர்கள் பேசியதைக் கேட்டுவிட்டு, வெளியே வந்து எங்களுக்குப் போன் செய்தாள் இவள். தான் செய்த காரியம் என்னவென்று அப்போதுதான் அவளுக்கே விளங்கியிருந்தது.

இங்கே யாங்கூனில் அவளை அனுப்பிவைத்த ஏஜென்ட்டுக்குப் போன் போட்டோம். ஊலே, அதாவது பர்மியத்தில் மாமா, என்றுதான் அவரைக் கூப்பிடுவோம். அவர் எங்கள் வீட்டுக்கே ஓடி வந்தார். "அவ வாயே திறக்கக் கூடாது. மெயினை இறக்கினேன்னு சொன்னா ரிப்பேர் முழுக்க அவ தலையில, வேலையிலேருந்து திருப்பி அனுப்பினாலும் அனுப்பிடுவாங்க" என்றார். என் வீட்டுக்காரரும் சும்மா இரு என்றுதான் சொன்னார். நானும் அதையேதான் சொன்னேன். இன்று கேட்டாலும் சொல்வேன். நம் வீட்டில் மருந்து தீர்ந்துகொண்டிருக்கும்போது ஊரான் வீட்டு நியாயத்தை எங்கே கொண்டு போய் வைப்பது?

அன்று மத்தியானம் அவளே கூப்பிட்டாள். அழுது முகம் வீங்கியிருந்தது, குரல் மட்டும் உறுதியாக இருந்தது.

"அம்மா, நாளைக்கு இல்ல, இன்னைக்கே போய்ச் சொல்லப் போறேன்."

"ஊலே என்ன சொல்லிட்டுப் போனார் தெரியுமாடி?" என்று நான் குறுக்கே பாய்ந்தேன்.

"தெரியும் அண்ணி. நான் சும்மா இருந்தா பழி அந்தப் பெரியவர் மேல. அவருக்கு இனிமே இந்த ஊர்ல எவன் வேலை குடுப்பான்? அப்பா கடை போனப்போ அப்பா முகம் எப்படி இருந்துச்சுன்னு எனக்கு ஞாபகம் இருக்கு. நான் உங்க யார்கிட்டயும் கேக்கல, சொல்றேன், அவ்வளவுதான்."

அத்தை போனை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். திட்டப் போகிறார் என்றுதான் நினைத்தேன். "சாப்பிட்டியா?" என்று கேட்டார். இல்லை என்றாள். "சாப்பிட்டுட்டுப் போ. வெறும் வயித்தோட போனா குரல் எழும்பாது. போய் நேரா நின்னு சொல்லு." அவ்வளவுதான் பேசினார். அதற்குமேல் பேசவும் முடியவில்லை. எங்கள் தெருவில் கரண்ட் போயிற்று, கொஞ்ச நேரத்தில் போன் கோபுரமும் படுத்துவிட்டது.

நான் எழுந்து மெயினை இறக்கினேன். பிறகு காத்திருந்தோம். கொக்குக்குக்கூட அவ்வளவு பொறுமை இருக்காது. என் வீட்டுக்காரர் பால்கனிக்கும் கூடத்துக்குமாக நடந்தார். போனைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். அவளைத் திருப்பி அனுப்பிவிட்டால் அவள் ஜப்பான் போக வாங்கிய கடனை எப்படி அடைப்பது, மருந்துக்கு எங்கே போவது என்று நான் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். அத்தை கீரையை ஆய்ந்துகொண்டிருந்தார், தண்டை முறத்திலும் இலையைக் குப்பையிலுமாகப் போட்டுக்கொண்டு. நான் சொல்லவில்லை. பிறகு அள்ளிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

பொழுது சாயும்போது தெரு கத்திற்று, "மீ லா பீ!" அக்கம்பக்கத்து மோட்டார்களெல்லாம் உறுமத் தொடங்கின. எங்கள் வீட்டில் ஒருவரும் அசையவில்லை. மூன்று பேரும் போனையே பார்த்துக்கொண்டு நின்றோம். அது ஒருமுறை அதிர்ந்தது. என் வீட்டுக்காரர் உரக்கப் படித்தார்.

"சொல்லிட்டேன். அந்தப் பெரியவர் முன்னாடியே சொல்லிட்டேன். முதியோர் இல்லத்துக்காரங்க வேலையில இருக்கலாம்னு சொல்லிட்டாங்க. ரிப்பேர் செலவு முழுக்க நான்தான் கட்டணும். அது முடியற வரைக்கும் வீட்டுக்கு ஒண்ணும் அனுப்ப முடியாது. அம்மா மருந்தை மட்டும் நிறுத்திடாதீங்க அண்ணி."

அண்ணி என்று என்னைத்தான் சொல்லியிருந்தாள். அண்ணனை அல்ல, என்னை. எனக்கு ஒரே சமயத்தில் கோபமும் அழுகையும் வந்தன. அத்தை முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். "அவ கட்டிடுவா" என்றார். "ஏன்டி மரம் மாதிரி நிக்கிற? மெயினை ஏத்தி மோட்டாரைப் போடு. எப்போ போகுமோ!"

மறுநாள் விடியும்போது நான் பருப்பு ஊறவைத்தேன். வடைச் சட்டியையும் கரி அடுப்பையும் தூக்கிக்கொண்டு ஐந்து மாடி இறங்கிப் படகுத்துறை வாசலில் போய் உட்கார்ந்தேன். கரி அடுப்புக்குக் கரண்ட் வேண்டாம், பில்லும் வராது. முதல் வாரம் வடை கல்லாக இருந்தது. கூலிக்காரர்கள் பாவம் என்று வாங்கித் தின்றார்கள். பிறகு கை வந்தது. இந்தக் குளிர்காலத்திலும் அந்தப் பக்கம் கடும் பனி, பில் ஏறிவிட்டது என்கிறாள். நான் இன்னும் அதே வாசலில்தான் வடை சுடுகிறேன். அந்த ரிப்பேர் செலவின் கடைசித் தவணையை அவள் கட்டி முடிக்க நெடுநாள் ஆயிற்று. அத்தனை நாளும் அத்தையின் மருந்து ஒரு வேளைகூட நிற்கவில்லை.