பதிமூன்றாவது பெயர்

கட்டிவிட்ட கதை என்று நினைப்பவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். இது நடந்தது. அந்தத் தயாரிப்பாளர் இன்றும் அதே டி.வி.யில் அதே ஏழு மணிச் செய்தியைத்தான் தயாரிக்கிறாள். ஒளிபரப்புத் தொடங்கும் நேரத்தில் மட்டும் ஹெட்போனைக் கழற்றி மேசைமேல் வைத்துவிடுவாள். கேட்டால் தலைவலி என்பாள். தலைவலியாவது ஒன்றாவது!

ஏழு மணிச் செய்திக்கு அப்போது இருபத்தேழு வயது. வரவேற்பறைச் சுவர் முழுக்க விருதுகள். இனி ஆணி அடிக்க இடமில்லை. ஆனாலும் பாலம் இடிந்த அன்றைய செய்திக்கு, ஆண்டின் சிறந்த செய்தி அறிக்கை என்று பெரிய விருது வந்ததும் யாருக்கும் கால் தரையில் படவில்லை. 'ஒரு நொடிகூடத் தடுமாறவில்லை' என்று நடுவர்கள் பாராட்டியிருந்தார்கள்.

தடுமாறாததற்குக் காரணம் ஒரு மனிதர். அன்று வாசிப்பாளருக்கு முன்னால் வரிகள் ஓடும் திரை அணைந்துபோனது. அரை மணி நேரமும் கேமராவுக்குக் கீழே முழங்காலிட்டு, எந்தக் கேமரா, எத்தனை நொடி, எங்கே நிறுத்த வேண்டும் என்று விரலாலேயே காட்டி அந்த அம்மாவைக் கரைசேர்த்தவர் ஃப்ளோர் மேனேஜர். எல்லோருக்கும் அவர் விரல் அண்ணன். ஒளிபரப்புக்கு முன் "அஞ்சு... நாலு... மூணு..." என்று உரக்க எண்ணுவார். ரெண்டும் ஒண்ணும் விரல் மட்டும்தான். அதற்குள் மைக் திறந்துவிடும் அல்லவா? இருபத்தேழு வருடத்தில் அவர் வாயிலிருந்து 'ரெண்டு' வந்து யாரும் கேட்டதில்லை.

விருதுப் படிவத்தில் பன்னிரண்டு பெயர்தான் எழுதலாம். தயாரிப்பாளரிடம் சரியாகப் பன்னிரண்டு இருந்தது. நிர்வாகியின் மருமகனையும் சேர்க்கச் சொல்லி மேலிடத்திலிருந்து போன் வந்தது. பாலம் இடிந்த அன்று அந்த மருமகன் ஊரிலேயே இல்லை. இப்போது பதிமூன்று. விரல் அண்ணன் அந்தச் சமயம் பக்கவாதத்தில் பேச்சில்லாமல், வலது கை அசையாமல் வீட்டில் கிடந்தார். அவர் பார்க்கவா போகிறார்? அவர் பெயரை அடித்துவிட்டாள்.

விருது அறிவித்த அன்று அவர் மனைவி போன் செய்தார்.

"லிஸ்ட்ல அவர் பேர் இருக்கில்லம்மா? கண்ணாலயே கேட்டுக்கிட்டிருக்கார்."

"இருக்கு அண்ணி."

வாய் கூசாமல் சொல்லிவிட்டாள். இரவெல்லாம் மனசு அரித்தது.

கண்ணாடிக் கோப்பை வந்த அன்று, செய்தியின் முடிவில் அதைக் காட்டிப் பன்னிரண்டு பெயர்களையும் திரையில் ஓடவிடுவதாக ஏற்பாடு. மாலை 4.10. ஒளிபரப்பை இயக்கும் பேனல் அறையில் அவளும் சவுண்ட் இன்ஜினியரும் மட்டும். கண்ணாடிக்கு அப்பால் ஸ்டூடியோ இருட்டு. அவள் பெயர்களைச் சரிபார்த்துக்கொண்டிருந்தாள்.

ஹெட்போனில் ஒரு கரகரப்பு.

"அஞ்சு."

"லைன்ல யாரு?"

"யாருமில்ல மேடம். ஃப்ளோர் மேனேஜர் ஹெட்போன் ஆணியில தொங்குது. பேட்டரியே நான்தான் கழட்டி வச்சேன்."

பழைய ஒலிப்பதிவு ஏதோ கசிகிறது என்று தன்னையே சமாதானப்படுத்திக்கொண்டாள்.

5.25.

"நாலு."

இந்த முறை குரலுக்குப் பின்னால் மூச்சு வாங்கும் சத்தம். அவள் போனை எடுத்தாள். அண்ணியை அழைத்தாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது... யாரும் எடுக்கவில்லை.

6.40.

"மூணு."

சவுண்ட் இன்ஜினியரும் நிமிர்ந்தார். முகம் வெளுத்திருந்தது.

"மேடம்... அண்ணன் குரல்தானே?"

இன்னும் நேரம் இருந்தது. படிவத்துக்குத்தான் பன்னிரண்டு என்ற கட்டுப்பாடு, திரைக்கு ஏது? விரல் அண்ணன் பெயரைத் தட்டச்சு செய்ய அரை நிமிடம் போதும். விரல்கள் விசைப்பலகைக்குப் போயின. அப்போதுதான் நிர்வாகி மருமகனோடு உள்ளே வந்து அவள் நாற்காலிக்குப் பின்னால் நின்றார்.

"எல்லாம் ரெடியாம்மா?"

"ரெடி சார்."

கையை எடுத்துவிட்டாள்.

7.28. கோப்பை. இசை. பெயர்கள் ஓடத் தொடங்கின.

"ரெண்டு."

ஹெட்போனில் மட்டும் இல்லை. பேனல் ஸ்பீக்கரிலும்... ஒளிபரப்பிலும்.

ஸ்டூடியோவில் வாசிப்பாளர் திடுக்கிட்டு, கேமராவுக்குக் கீழே பார்த்தார். அங்கே யாருமில்லை.

இனி 'ஒண்ணு' வரும்.

அவள் காத்திருந்தாள்.

வரவில்லை.

இசை முடிந்தது.

7.31. அவளுடைய போன் அதிர்ந்தது. அண்ணி.

"போயிட்டாரும்மா..." அழுகைக்கு நடுவே வார்த்தைகள் துண்டு துண்டாக வந்தன. "நாலு மணிக்கு மேல திடீர்னு அந்த அசையாத கையைத் தூக்கினார். அஞ்சு விரலையும் விரிச்சுக்கிட்டு டி.வி.யையே பாத்தார். அப்புறம் ஒவ்வொண்ணா மடக்கிக்கிட்டே வந்தார். உங்க பேரெல்லாம் ஓடுறப்போ ரெண்டுதான் நின்னுச்சு. அதுல ஒண்ணு மடங்கினதும் மூச்சு நின்னுபோச்சு. கடைசி விரல் மட்டும் மடங்கலம்மா. எல்லாரும் அமுக்கிப் பாத்துட்டோம்... இன்னும் டி.வி.யைக் காட்டிக்கிட்டே இருக்கு."

அவள் போனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டாள்.

"நான் அவர் முகத்தையே பாத்துக்கிட்டிருந்தேன்மா, திரையைப் பாக்கல," என்றார் அண்ணி. "அவர் பேர் எத்தனாவதா வந்துச்சு?"